கிணற்றடியிலிருந்து அளந்த தோட்டம்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே செல்லும் பஸ்ஸில் ஜன்னலோரமாக இருந்து பார்த்தால், மண்ணின் நிறம் மாறுவதை நம் கண்ணாலேயே காணலாம். கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம் என்று ஊர்கள் கடக்கக் கடக்க மண் சிவந்துகொண்டே வரும். தெல்லிப்பழையில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் கட்டுவன், குரும்பசிட்டி, வசாவிளான். வெங்காயமும் மரவள்ளியும் புகையிலையும் வாழையும் செழித்த பூமி இது. இங்கே ஒரு காலத்தில் மரக்கறிக்காகச் சந்தைக்குப் போகும் வீடுகள் குறைவு என்று வயதானவர்கள் சொல்வார்கள்.

இந்த ஊர்களின் மக்கள் 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் இடம்பெயர்ந்தார்கள். வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாகியது. போர் முடிந்த பின்னர் சில இடங்களும், 2015இலிருந்து கட்டம் கட்டமாக வேறு பல இடங்களும் விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் விடுவிக்கப்பட்டது. இன்னும் விடுபடாத காணிகளும் உண்டு. கால் நூற்றாண்டுக்குப் பின் திரும்பி வந்தவர்கள் கண்டது வீட்டையல்ல. கூரையற்ற சுவர்களையும், பற்றைக்காட்டையும், தூர்ந்துபோன கிணறுகளையுமே.

சமூகப் பணியாளராக நான் இந்த ஊர்களுக்கு அடிக்கடி போய் வருகிறேன். என் வேலை தோட்டம் பற்றியதல்ல. குடும்பங்களைச் சந்திப்பது, பாடசாலையை விட்டு இடைவிலகும் பிள்ளைகளைக் கவனிப்பது, உதவி பெறத் தகுதியானவர்களைப் பிரதேச செயலகத்தோடு தொடர்புபடுத்துவது ஆகியனவே அது. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் பேச்சு முற்றத்தில்தான் தொடங்கும். முற்றத்தில் என்ன முளைத்திருக்கிறது, எது வாடியிருக்கிறது என்பதைப் பார்த்தால் அந்த வீட்டுப் பெண்ணின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பது விளங்கிவிடும்.

மண்ணில் கீறிய வரைபடம்

குரும்பசிட்டியில் ஒரு பெரியம்மா இருக்கிறார். இரத்த உறவல்ல, ஊரே அவரைப் பெரியம்மா என்றுதான் அழைக்கும். நான்கு பரப்புக் காணி. பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஒரு ஏக்கர் என்பது நம் கணக்கு. ஆகவே அவருடையது கால் ஏக்கர். அது அவருடைய சீதனக் காணி. வீட்டைத் திருத்துவதற்கு முன்பே அவர் செய்த முதல் வேலை, கிணற்றுக்குள் வேரோடியிருந்த ஆலங்கன்றை வெட்டி எடுத்து, சேற்றை அள்ளி, மூன்று தடவை இறைத்துக் கிணற்றைச் சுத்தமாக்கியதுதான்.

வீட்டுத்தோட்டத்துக்கு எப்படித் திட்டம் போட்டீர்கள் என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். அவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

“தோட்டத்தைக் கேற்றடியில நிண்டு பாக்கக்கூடாது பிள்ளை. அது வாற போற சனத்துக்குக் காட்டுற தோட்டம். கிணத்தடியில நிண்டு பாக்கோணும். தண்ணி அள்ளுற கைக்குத்தான் தோட்டம் எவ்வளவு தூரமெண்டு தெரியும்.”

பிறகு ஒரு பூவரசந்தடியை எடுத்து மண்ணில் மூன்று வட்டங்கள் கீறினார்.

முதலாவது வட்டம் கிணற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு காலடிக்குள். தினமும் தண்ணீர் கேட்கும் பயிர்களுக்கும், தினமும் கை வைத்துப் பறிக்கும் பயிர்களுக்கும் இந்த இடம். முளைக்கீரை, பசளி, பொன்னாங்காணி, வல்லாரை, பச்சைமிளகாய், கத்தரி, வெண்டி, நாற்றுமேடை ஆகியவை இங்கேதான். அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு ஓடிவந்து கறிவேப்பிலை ஆயக்கூடிய தூரம் அது.

இரண்டாவது வட்டம் இருபத்தைந்து காலடி வரை. குளிக்கும் தண்ணீரும் உடுப்புத் தோய்க்கும் தண்ணீரும் வாய்க்கால் வழியே தானாக ஓடிப்போய்ச் சேரும் பள்ளமான பக்கத்தில் வாழை. அதை அடுத்துப் பப்பாசி. பாகல், புடோல், பயிற்றை ஏறும் பந்தலும் இங்கேதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கவனித்தால் போதும்.

மூன்றாவது வட்டம் வேலி வரை. வேரூன்றிய பின் மழையோடும் நிலத்து ஈரத்தோடும் தம்பாட்டில் நிற்கக்கூடிய முருங்கை, தென்னை, மா, தேசி, மாதுளை. மாரியில் நட்டுவிட்டால் அதிகம் தண்ணீர் கேட்காத மரவள்ளி. வேலியில் கிளுவை, பூவரசு, கிளிசரியா, இடையிடையே அகத்தி. வேலிக்கதியால் வெறும் எல்லைக்காக மட்டுமல்ல. அதன் குழையை வெட்டி வாழையடியில் தாட்டால் அதுவே பசளை. ஆட்டுக்கும் அதுதான் தீன்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, பெண்ணின் வீட்டு உழைப்பு நாட்டின் கணக்கேட்டில் வராத உழைப்பு என்று நாங்கள் படித்தோம். பெரியம்மா அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. ஆனால் தன் காலடியை எண்ணிப் பார்த்து அந்த உழைப்பை அளந்து வைத்திருக்கிறார். ‘எத்தனை வகை நடலாம்’ என்பது அவருடைய முதற் கேள்வியல்ல. ‘எத்தனை வாளி அள்ளலாம், யார் அள்ளுவது’ என்பதுதான்.

ஒரு வாளித் தண்ணீரின் கணக்கு

வெயில் காலத்தில் ஒரு சதுர மீற்றர் மரக்கறிப் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் தண்ணீர் தேவைப்படும். சாதாரண வாளியொன்று 10 லீற்றர் கொள்ளும். அதன் பாரம் 10 கிலோ. ஆகவே ஒரு வாளித் தண்ணீர் இரண்டு சதுர மீற்றருக்குத்தான் போதும்.

அரைப் பரப்பில் தோட்டம் செய்தால், நடைவழியும் வரம்பும் போக 80 சதுர மீற்றர் பாத்தி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 400 லீற்றர் வேண்டும். அதாவது 40 வாளி. இரண்டு கையிலும் இரண்டு வாளியாகத் தூக்கினால் இருபது நடை. தோட்டம் கிணற்றிலிருந்து நாற்பது காலடி தூரத்தில் இருந்தால், போக வர ஒவ்வொரு நடையும் ஏறத்தாழ 60 மீற்றர். இருபது நடைக்கு 1,200 மீற்றர். அதில் பாதித் தூரம் இருபது கிலோ பாரத்தோடு. இதற்குமுன் நாற்பது தடவை கப்பியில் கயிறு இழுக்க வேண்டும்.

மோட்டரும் குழாயும் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு மறைந்திருக்கும். மின்சாரம் நின்றால், மோட்டர் பழுதானால், அல்லது கட்டணம் கட்ட முடியாமல் போனால் அது உடனே வெளியே வந்துவிடும். 2022 ஆவணியிலும் 2023 மாசியிலும் மின்கட்டணம் பெருமளவு கூட்டப்பட்டபோது பல வீடுகளில் இது நடந்தது. அப்படி ஒரு வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

மகளின் கையில் வாளி

கட்டுவன் பக்கத்தில் இருக்கும் அந்த வீட்டுத் தாய்க்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. கணவர் இறந்துவிட்டார். மகனுக்குப் பதினாறு வயது, மகளுக்குப் பதினான்கு. நான் அங்கே போனது தோட்டம் பார்க்க அல்ல. மகள் வகுப்பில் தூங்குகிறாள், காலையில் பிந்தி வருகிறாள், கிழமையில் ஒரு நாளாவது வருவதில்லை என்று வகுப்பாசிரியை சொல்லி அனுப்பியிருந்தார்.

வளவுக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது நல்ல தோட்டம்தான். அரைப் பரப்பில் கத்தரி, மிளகாய், வெண்டி. ஒரு நிறுவனம் நாற்றும் விதையும் கொடுத்திருந்தது. ‘முன்மாதிரி வீட்டுத்தோட்டம்’ என்ற பலகையும் நட்டிருந்தார்கள். பலகை வீதியால் போகிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத் தோட்டத்தை முன்பக்கத்தில், கேற்றடியில் போடச் சொல்லியிருந்தார்கள். கிணறோ வீட்டின் பின்பக்கத்தில் இருந்தது. கொடுத்த நேரம் ஆனி மாதம். மழை வர இன்னும் மூன்று நான்கு மாதம் இருந்தது. மின்கட்டணம் கூடியதும் தாய் மோட்டரை நிறுத்திவிட்டார். விடிய நான்கரை மணிக்குத் தாயும் மகளும் எழும்பித் தண்ணீர் அள்ளினார்கள். பின்னேரம் தாய் கூலி வேலையால் வரப் பிந்தினால் மகள் தனியே அள்ளினாள். மகன் ரியூசனுக்குப் போய்விடுவான். அவனிடம் அள்ளு என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

அந்தத் தங்கை என்னிடம் சொன்னது இதுதான்: “இந்தக் கத்தரிக்காய் வித்த காசிலதான் அக்கா அவளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கினனான். தோட்டத்தை விட்டா அவளைப் படிப்பிக்கக் காசில்லை. விடாட்டி அவளுக்குப் படிக்க நேரமில்லை. நான் எதை விடுறது?”

இதற்கு உடனே சொல்லக்கூடிய பதில் எதுவும் கிடையாது. அடுத்த கிழமை பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மூவரும் கிணற்றடியில் நின்று காலடியை எண்ணினோம். மகளும் கூட வந்து எண்ணினாள். முன்னே சொன்ன 1,200 மீற்றர்க் கணக்கு அந்த வீட்டில் எடுத்த கணக்குத்தான்.

பெரியம்மா சொன்ன திட்டம் எளிமையானது. முன்பக்கத் தோட்டத்தில் காய்த்துக்கொண்டிருந்ததை ஆய்ந்து முடிக்கும்வரை அரைவாசிக்கு மட்டும் தண்ணீர் விடுவது. புதிய பாத்திகளைக் கிணற்றிலிருந்து பத்துக் காலடிக்குள், மொத்தம் 20 சதுர மீற்றருக்கு மேற்படாமல் போடுவது. அதற்குப் பத்து வாளி போதும். ஐந்து நடை, எல்லாமாக 75 மீற்றர். குளிக்கும் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி நான்கு வாழைக்குட்டி வைப்பது. ஐப்பசி மழையோடு வேலியோரம் முருங்கைத் தடி நடுவது. காலையில் தாய் ஐந்து வாளி, பின்னேரம் மகன் ஐந்து வாளி. பள்ளிக்கூட நாளில் மகளுக்கு வாளி இல்லை.

மகனிடம் இதைச் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. “என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே” என்று மட்டும் சொன்னான். பல வீடுகளில் நிலைமை இதுதான். ஆண்பிள்ளை மறுப்பதற்கு முன்பே நாம் அவனைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

இதில் நட்டமும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. கத்தரி விற்ற காசு நின்றுபோனது. முதல் வருடம் அந்தத் தாய் கிழமையில் இன்னும் இரண்டு நாள் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. பலகை வைத்தவர்கள் வந்து பார்த்து முகம் சுளித்தார்கள். ஆனால் கறிக்கு வேண்டிய கீரையும் மிளகாயும் வீட்டிலேயே கிடைத்தன. இரண்டாம் வருடத்தில் முருங்கை காய்த்தது; வாழைக்குலை வெட்டினார்கள். சுன்னாகச் சந்தைக்குக் கொண்டுபோக முருங்கைக்காய் இருந்தது. அதற்கு யாரும் விடிய நான்கரைக்கு எழும்பவேண்டியிருக்கவில்லை. மகள் இப்போது ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள்.

தோட்டத்துக்கும் தளபாடம் வேண்டும்

வீட்டுக்கு மேசை கதிரை எப்படியோ, தோட்டத்துக்கும் சில பொருட்கள் தேவை. அவற்றைக் காசு கொடுத்து வாங்கவேண்டுமென்பதில்லை. வலிகாமத்தில் நான் கண்ட நல்ல தோட்டங்களில் பெரும்பாலும் இருந்தவை இவை:

பந்தல். நான்கு பூவரசங்கதியாலும் பழைய மீன்வலையும் போதும். பெண்ணின் கை எட்டும் உயரத்துக்குக் கட்டவேண்டும். ஏணி வைத்து ஆயவேண்டிய பந்தலில் பாகற்காய் பழுத்துத்தான் விழும்.

நாற்றுமேடை. இடுப்பளவு உயரத்தில் ஒரு பழைய பலகையை வைத்து, சிரட்டையிலோ அடியில் துளையிட்ட யோகட் கோப்பையிலோ விதை போடலாம். கோழி கிளறாது, குனிந்து இடுப்பு நோகவும் மாட்டாது. தக்காளி நாற்று மூன்று நான்கு கிழமையிலும், கத்தரி, மிளகாய் நாற்றுகள் நான்கு ஐந்து கிழமையிலும் நடுவதற்குத் தயாராகிவிடும்.

கூட்டெருக் குழி. கிணற்றுக்கு எதிர்ப்பக்கம், நிழலில். சமையற் கழிவு, காய்ந்த இலை, சாணம் என்று மாறி மாறிப் போட்டு ஈரம் காயாமல் வைத்தால் மூன்று மாதத்தில் பசளை கிடைக்கும். மீனும் இறைச்சியும் போட்டால் நாய் கிளறும்.

உரப்பைகள். காணி குறைந்த வீட்டுக்கும் சீமெந்து முற்றத்துக்கும் இவைதான் பாத்தி. அரைப் பை செம்மண்ணும் கூட்டெருவும் கலந்து ஒரு கத்தரி வைக்கலாம். பழைய ரயரிலும் வாளியிலும் நடுகிறவர்கள் தண்ணீர் தேங்காமல் துளையிடுவது கட்டாயம். நுளம்பு பெருகினால் தோட்டத்தால் வரும் நன்மையைவிட டெங்கினால் வரும் தீமை பெரிது.

ஒரு கல்லிருக்கை. இதைப் பெரியம்மா மறக்காமல் சொன்னார். தோட்டத்தில் வேலை செய்கிறவள் இருக்க ஓர் இடம் வேண்டும். மாவின் கீழ் இரண்டு கல்லடுக்கி அதன்மேல் ஒரு சீமெந்துப் பலகை. மாலையில் கீரை ஆய்வதும், பக்கத்து வீட்டுப் பெண்ணுடன் நாற்று மாற்றிக்கொள்வதும் அதில்தான்.

இவற்றுடன் மண்வெட்டி, அலவாங்கு, பூவாளி, கொக்கத்தடி, பனையோலைக் கடகம் ஆகியன இருந்தால் போதும். மீளக்குடியேறிய காணிகளில் ஒரு விடயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத இடத்தில் மண்வெட்டி போடக்கூடாது. தோண்டும்போது தெரியாத இரும்புப் பொருள் தட்டுப்பட்டால் தொடாமல், பிள்ளைகளை அகற்றிவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவிக்க வேண்டும்.

கடற்கரை ஊரின் பாடம்

குரும்பசிட்டியின் திட்டம் எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. மயிலிட்டிப் பக்கம் கடலை அண்டிய வளவுகளில் மண் ஆழம் குறைவு. அலவாங்கு போட்டால் சுண்ணக்கல் தட்டும். சில கிணறுகளில் தண்ணீர் உவர். அங்கே ஓர் அக்கா செய்திருக்கும் முறை எனக்குப் பிடித்தது. கூரைப் பீலியிலிருந்து விழும் மாரி மழையை மூடியுள்ள தாங்கியில் சேர்த்து, அந்த நல்ல தண்ணீரை நாற்றுக்கு மட்டும் வைத்திருக்கிறார். வளர்ந்த தென்னைக்கும் முருங்கைக்கும் கிணற்றுத் தண்ணீர். பீற்றூட் உவரை ஓரளவு தாங்கும் என்பதால் அதையும், வெளியிலிருந்து கொண்டுவந்த மண் நிரப்பிய பைகளில் கீரையையும் வைத்திருக்கிறார். போஞ்சி, கரட் போன்றவை உவரைத் தாங்கமாட்டா என்பதால் அவற்றை வைப்பதில்லை. மண்ணோடு சண்டை பிடிக்காமல், அந்த மண் எதைத் தரும் என்று கேட்டு நடுவதும் திட்டமிடலின் ஒரு பகுதிதான்.

பருவமும் பராமரிப்பும்

நம் குடாநாட்டுக்குப் பெரும் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். மரக்கன்றும் கதியாலும் நட ஐப்பசி நல்ல காலம்; பிறகு இரண்டு மூன்று மாதம் வானமே தண்ணீர் விடும். பாத்திப் பயிர்களின் நாற்றைக் கார்த்திகையில் கூரையின்கீழ் வளர்த்து, அடைமழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலோ தையிலோ நட்டால் பங்குனி, சித்திரை வரை பறிக்கலாம். வைகாசிக்குப் பிறகு சோளகக்காற்றும் வெயிலும் சேர்ந்து மண்ணை உலர்த்தும். அந்த மாதங்களில் பாத்தியைப் பாதியாகக் குறைப்பதுதான் புத்தி. ஆடியில் தோட்டம் சுருங்குவது தோல்வியல்ல.

கீரை விதையை ஒரே நாளில் எல்லாப் பாத்தியிலும் தூவினால் ஒரு கிழமை தின்னமுடியாத அளவு கீரை இருக்கும். அடுத்த கிழமை ஒன்றும் இராது. பத்து நாளுக்கு ஒரு சிறு பாத்தியாகத் தூவினால் மாதம் முழுவதும் சட்டியில் கீரை இருக்கும். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பிடுங்கத் தயாராகும்.

தண்ணீர் விடுவது காலையோ மாலையோ வெயில் ஏறாத நேரத்தில். பாத்தியைக் காய்ந்த இலைகுழையால் மூடிவிட்டால் ஈரம் நெடுநேரம் நிற்கும், களையும் குறையும். சவர்க்காரத் தண்ணீரை வாழைக்கு விடலாம், கீரைக்கு விடவேண்டாம். பூச்சிக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளிக்கலாம். மற்றவற்றை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் கமநல சேவை நிலையத்துக்கு வரும் நாளை விசாரித்து வைத்திருப்பது நல்லது.

கிணற்றைக் காப்பதும் தோட்டப் பராமரிப்பின் ஒரு பகுதியே. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். மழைநீர் சுண்ணக்கல்லில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு நல்ல நீர்ப்படையாக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும். வயலிலும் தோட்டத்திலும் அள்ளிக் கொட்டும் யூரியாவும், கிணற்றருகே உள்ள மலசலகூடக் குழியும் அந்தத் தண்ணீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது. வலிகாமத்தின் பல கிணறுகளில் அது அந்த அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது ஆபத்து. தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. ஆகவே மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். பசளைக் குவியலும் தள்ளியே இருக்கட்டும். வீட்டுத்தோட்டத்துக்குக் கூட்டெருவும் குழையும் போதும்.

யாருடைய தோட்டம்?

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு கார்த்திகையில் அந்தத் தடை நீக்கப்பட்டது. அடுத்த வருடம் பொருளாதாரம் சரிந்தது. 2022 புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. 2022 ஆனியில் அரசாங்கம், வீட்டில் பயிர் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கத் தீர்மானித்தது. ‘எல்லாரும் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள்’ என்று எங்கும் கேட்டது. ஆனால் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு எந்த வெள்ளிக்கிழமையும் விடுமுறை கிடைக்கவில்லை. விதைப்பைக்கற்று வீடு தேடி வந்தது. தண்ணீர் அள்ள இன்னொரு கை வரவில்லை.

நமது யாழ்ப்பாணத்தில் வளவு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். அதை விற்கவேண்டுமானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும் என்பது தேசவழமைச் சட்டம். உறுதியில் பெயர் அவளுடையது; உழைப்பும் அவளுடையது. ஆனால் எங்கே நடுவது, எவ்வளவு நடுவது என்ற தீர்மானத்தைச் சில வேளை கணவனும், சில வேளை பலகை வைக்க வருகிறவர்களும் எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் அள்ளுகிறவள் தீர்மானிக்காத தோட்டம் பங்குனி வெயிலைத் தாண்டாது. தாண்டினாலும், அதற்காக எங்கோ ஒரு பிள்ளையின் படிப்போ ஒரு தாயின் முதுகோ விலையாகப் போயிருக்கும்.

வீட்டுத்தோட்டம் நல்லது, மிக நல்லது. நஞ்சில்லாத கீரை, மடியில் கட்டிக் கொடுத்தனுப்ப நாலு முருங்கைக்காய், கைச்செலவுக்கு ஒரு வாழைக்குலை, மாலையில் மனம் ஆற ஒரு பச்சை. இவை எல்லாவற்றையும் அது தரும். அதைப் பெண்ணின் தலையில் இன்னொரு பாரமாக வைக்காமல் செய்யமுடியும் என்பதைத்தான் குரும்பசிட்டிப் பெரியம்மாவிடம் நான் கற்றேன்.

ஆகவே, சகோதரிகளே, வருகிற ஐப்பசிக்கு முன் ஒரு மாலை வீட்டிலுள்ள அனைவரையும் கிணற்றடிக்கோ குழாயடிக்கோ கூப்பிடுங்கள். கணவனும் மகனும் கட்டாயம் வரட்டும். ஒரு தடியால் மண்ணில் வட்டம் கீறுங்கள். எத்தனை வாளி என்று கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு வாளிக்கும் நேரே ஒரு பெயரை எழுதுங்கள். பெயர் எழுதி முடிந்த அளவுக்கு மட்டும் இந்த வருடம் பாத்தி வெட்டுங்கள். அது நாலடிக்கு நாலடிப் பாத்தியாக இருந்தாலும் பரவாயில்லை.